குட்டி இளவரசனுக்கு வெளிச்சம் ஆகாது

1943இல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பும் முன், பிரெஞ்சு எழுத்தாளர் அந்துவான் து செந்த்-எக்சுபெரி கசங்கிய காகிதப் பை ஒன்றைத் தன் தோழி சில்வியா ஹாமில்டனிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ‘குட்டி இளவரசன்’ கதையின் கையெழுத்துப் பிரதியும், அதற்காக அவரே வரைந்த நீர்வண்ணப் படங்களும் இருந்தன. 1968இல் அவற்றை நியூயார்க்கின் மோர்கன் நூலக அருங்காட்சியகம் வாங்கியது. 2014இல் அங்கே அவற்றுக்கென ஒரு பெரிய கண்காட்சி நடந்தது, 2022இல் பாரிசுக்கு இரவலாகவும் போய் வந்தன. மற்றபடி பெரும்பாலான காலம் இருட்டுவாசம்தான். இவ்வளவு புகழ்பெற்ற படங்களை ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்று கோபம் வருவது நியாயமே. ஆனால் காரணம் வேதியியலில் இருக்கிறது.

ஒரு நிறமி மஞ்சளாகத் தெரிகிறது என்றால், அதன் மூலக்கூறு நீல ஒளியை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். விழுங்கிய ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடும். எப்போதாவது ஒருமுறை மட்டும் அது மூலக்கூறின் பிணைப்பு ஒன்றை உடைத்துவிடும், அல்லது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிய வைக்கும். உடைந்த மூலக்கூறு பழையபடி ஒளியை விழுங்காது, நிறம் போயிற்று. எண்ணெய் ஓவியத்தில் நிறமி கெட்டியான எண்ணெய்ப் படலத்துக்குள் புதைந்திருக்கும். நீர்வண்ணத்தில் அந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. கொஞ்சம் பிசினோடு காகித இழைகளின் மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும், அவ்வளவுதான். செந்த்-எக்சுபெரி பயன்படுத்திய காகிதமோ, டைப்ரைட்டரில் நகலெடுக்க வைப்பார்களே, அந்த மாதிரி சன்னமான தாள்.

சரி, வெளிச்சத்தைக் குறைத்தால் போதாதா? குறைக்கத்தான் செய்கிறார்கள். நீர்வண்ணப் படங்களுக்கு அருங்காட்சியகங்களில் பொதுவாக 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரம்பு. நடுப்பகல் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். ஆனால் ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போவது: அளவைக் காலத்தால் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், ஒரு மணி நேர வெயிலும், 50 லக்ஸ் அறையில் தினம் 8 மணி நேரம் வீதம் 250 நாள் தொங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். புற ஊதாக் கதிரைச் சேர்த்தால் வெயில் இன்னும் மோசம். இருட்டில் ஓய்வு கொடுத்தாலும் பெரும்பாலான நிறங்களுக்குப் போனது திரும்பாது. பற்று மட்டும் எழுதப்படும், வரவே இல்லாத கணக்கு இது.

ஹென்றி வாகன் என்ற சேகரிப்பாளர் இதை எப்போதோ புரிந்துகொண்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தன்னிடமிருந்த ஆங்கில ஓவியர் டர்னரின் நீர்வண்ண ஓவியங்கள் பலவற்றை ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு உயிலில் எழுதி வைத்தபோது, ஜனவரியில் மட்டுமே காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்த ஓவியக்கூடம் இருக்கும் எடின்பரோவில் வெளிச்சம் மங்கிக் கிடக்கும் மாதம் அது. லக்ஸ் மீட்டர் இல்லாத காலத்தில் இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

இன்று ஊகிக்கத் தேவையில்லை. 1990களில் வந்த ஒரு கருவி, படத்தின் மேல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியில் கடுமையான ஒளியைச் சில நிமிடம் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் நிறமாலையை அளந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் அளவு மாற்றம் வருவதற்குள் நிறுத்திவிடுவார்கள். நிறம் மாறும் வேகத்தை, தரப்படுத்தப்பட்ட நீலக் கம்பளித் துண்டுகள் வெளுக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் அந்தச் சாயம் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.

ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டுப் படச்சட்டத்தை (ஃபிரேமை) அடைக்கலாமே என்ற யோசனையும் பழையதுதான். 1888இலேயே ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், வெற்றிடத்தில் பெரும்பாலான நீர்வண்ணங்கள் வெளுப்பதில்லை என்று காட்டினார்கள். இதற்கும் அடங்காத ஒன்று உண்டு: பிரஷ்யன் நீலம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஒளி பட்டால் அது இன்னும் வேகமாக வெளுக்கும்; இருட்டில் காற்றுப் பட்டால் நிறம் பெருமளவு திரும்பி வரும்! ஆகவே ஒரே படத்தில் வெவ்வேறு நிறமிகள் இருந்தால், ஒன்றைக் காக்கும் சட்டமே இன்னொன்றைக் கெடுக்கலாம். எந்த நிறமி எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஆக்சிஜன் இல்லாத சட்டம் பற்றி முடிவெடுக்க முடியும்.