சாப் என்பது வெட்டா, சீவலா? மேசைப்பந்துச் சொற்கள் சில

டேபிள் டென்னிஸ் வர்ணனையில் அடிக்கடி காதில் விழும் சொல் 'சாப்'. மேசையை விட்டு நன்றாகத் தள்ளி நிற்கும் தடுப்பாட்டக்காரர், மட்டையை மேலிருந்து கீழாக இறக்கி, பந்தின் அடிப்பாகத்தை உரசி அனுப்புவாரே, அதுதான். 2003-இல் பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் ஜூ செ-ஹ்யுக் இறுதி ஆட்டம் வரை வந்தது பெரிதும் இந்த அடியை நம்பித்தான்.

அகராதியைப் பார்த்து இதை 'வெட்டு' என்று எழுதிவிடலாம். ஆனால் வெட்டினால் பொருள் இரண்டாகும்; கத்தி ஆழமாக இறங்கும். சாப் ஆடும்போது மட்டை பந்துக்குள் இறங்குவதில்லை, மேல்தோலை மட்டும் தொட்டுக்கொண்டு நழுவுகிறது. அதற்குத் தமிழில் பொருத்தமான வினை ஒன்று தயாராகவே இருக்கிறது: சீவுதல். பென்சில் சீவுகிறோம், பனையில் பாளை சீவுகிறார்கள். சீனர்கள் இந்த அடிக்கு வைத்திருக்கும் சொல்லும் 'சியாவ்' என்பதுதான். பழத்தோல் சீவுவதற்கும் பென்சில் சீவுவதற்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆகவே சாப் என்பதைச் 'சீவல்' என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

இதே அடியை மேசைக்கு அருகில் நின்று, கையைக் குறுக்கிச் சின்னதாக ஆடினால் 'புஷ்'. பெயரைக் கேட்டுப் பந்தை நேராகத் தள்ளினால் அது வலையில்தான் போய் விழும், ஏனென்றால் இங்கேயும் பந்தின் அடியை உரச வேண்டும். 'தள்ளல்' என்று மொழிபெயர்த்தால் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரே தவறான பாடம் சொல்லிக்கொடுக்கும். 'குறுஞ்சீவல்' என்றால் இரண்டுக்கும் உள்ள உறவும் புரியும்.

இந்த ஆட்டத்தின் அடிகளை எல்லாம் இரண்டு குடும்பமாகப் பிரித்துவிடலாம். மட்டை பந்தை மோதுவது ஒன்று, பந்தை உரசுவது மற்றொன்று. ஓங்கி அறையும் ஸ்மாஷ், வரும் பந்தை மட்டையை வைத்துத் தடுக்கும் பிளாக், நேராக அடிக்கும் டிரைவ் மூன்றும் பெரும்பாலும் மோதல். சாப், புஷ், லூப் மூன்றும் உரசல். தமிழ்ப் பெயர் வைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

'லூப்' 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானியர்கள் வளர்த்தெடுத்த அடி. மட்டை கீழிருந்து மேலேறிப் பந்தின் மேற்பக்கத்தை உரசிக்கொண்டு போகும். பந்து வளைந்து வலையைத் தாண்டி, சட்டென்று இறங்கி, மேசையில் பட்டதும் முன்னோக்கிப் பாயும். அந்த வளைவைப் பார்த்து வந்த பெயர்தான் லூப். ஒரு குழப்பம்: ஜப்பானில் இதையே 'டிரைவ்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் டிரைவ் என்றால் சுழற்சி குறைந்த, நேரான அடி. ஜப்பானியப் பயிற்சிக் காணொளிகளைப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

லூப் தரும் சுழற்சி 'டாப் ஸ்பின்', சாப் தருவது 'பேக் ஸ்பின்'. முன்னதை 'மேல்சுழல்' என்று எழுதினால் பந்தின் மேல்பாதி மட்டும் சுற்றுவதுபோல் தோன்றும். முன்னோக்கி உருளும் பந்து முன்சுழல், பின்னோக்கி உருள்வது பின்சுழல் என்பதே தெளிவு. முன்சுழல் பந்தைக் காற்று கீழே அழுத்தும், பின்சுழல் பந்தை மிதக்க விடும். 1852-இல் இதை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் மாக்னஸின் பெயரில்தான் இந்த விளைவு அழைக்கப்படுகிறது. எதிராளியின் மட்டையில் பட்டதும் நடப்பது நேர்மாறு: முன்சுழல் எகிறும், பின்சுழல் வலையை நோக்கி இறங்கும்.

அடுத்து 'ஃபோர்ஹேண்ட்', உள்ளங்கைப் பக்கத்தால் ஆடும் வீச்சு. இதை 'முன்கை' என்று எழுதுவதைப் பார்க்கலாம். முன்கை நீண்டால்தான் முழங்கை நீளும் என்பது எல்லாரும் அறிந்த பழமொழி. அந்த முன்கை மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதி. ஆட்டத்தில் முன்கைக்கு உண்மையிலேயே பெரிய வேலை இருப்பதால், பயிற்சியாளர் 'முன்கையை மடக்கு' என்றால் எதைச் சொல்கிறார் என்று தெரியாமல் போகும். கையின் பின்பக்கத்தால் ஆடும் 'பேக்ஹேண்ட்' என்பதற்குப் புறங்கை கச்சிதமாக அமைகிறது. புறங்கைக்கு இணை அகங்கை. அகங்கை வீச்சு, புறங்கை வீச்சு என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பக்கம் பந்தைச் சந்திக்கிறது என்பது உடனே விளங்கும். கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடிப்பவர்களுக்கே இது முழுதாகப் பொருந்தும். பேனா பிடிப்பதுபோல் பிடிப்பவர்கள் முன்பெல்லாம் இரண்டு வீச்சையும் மட்டையின் ஒரே முகத்தால் ஆடினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற லியு குவோலியாங்தான் மறுமுகத்தையும் பயன்படுத்திப் பேர் வாங்கினார்.

'ஃபிளிக்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கட்டால் சுண்டுவது, அவ்வளவுதான்.

சரி, கையில் இருப்பதற்கு என்ன பெயர்? விதிப்புத்தகத்தில் ராக்கெட், பேச்சில் பேட், அமெரிக்காவில் பேடில். தமிழ்நாட்டில் மட்டை, இலங்கையில் துடுப்பு. தென்னை மட்டையால் பந்தடித்த பிள்ளைகள் இருக்கும் ஊரில் மட்டை என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் உருவத்தைப் பார்த்தால் துடுப்புதான் இன்னும் நெருக்கம். பேடில் என்பதற்கும் துடுப்பு என்றுதான் பொருள்.

அதன் மரப்பகுதி 'பிளேடு'. தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது விதி, எனவே 'பலகை' என்று தயங்காமல் சொல்லலாம். அதன்மேல் ரப்பர். ரப்பரின் ஒரு முகத்தில் வரிசையாக நிற்கும் சிறு புடைப்புகளுக்கு ஆங்கிலத்தில் 'பிம்பிள்ஸ்'. பரு என்பதைவிடக் 'குமிழ்' நன்றாக இருக்கிறது. குமிழ்கள் உள்ளே திரும்பி, வழவழப்பான முகம் வெளியே இருந்தால் பந்தைப் பற்றிச் சுழற்றும். நீண்ட குமிழ்கள் வெளியே இருந்தால் வருகிற சுழற்சியை அவ்வளவாகப் பற்றாது. நீங்கள் முன்சுழலாக அனுப்பியது பின்சுழலாகத் திரும்பி வரும். 2018 காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்ற இந்திய வீராங்கனை மணிகா பத்ராவின் புறங்கைப் பக்கத்தில் இருப்பது இந்த நீள்குமிழ் ரப்பர்தான்.

ரப்பருக்கு அடியில் உள்ள பஞ்சு, 'ஸ்பாஞ்ச்', உலகுக்குத் தெரிந்தது நம் நாட்டில். 1952-இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாதோ வெறும் பஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்து ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். வழக்கமான 'டொக்' ஓசையே எழாததால், பந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதை எதிராளிகளால் கணிக்க முடியவில்லை. 1959-இல் விதி வந்தது: பஞ்சு தனியாகக் கூடாது, மேலே ரப்பர் இருக்க வேண்டும். பசையையும் சேர்த்துக் கனம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு ரப்பர்களை ஒட்டி, மட்டையைத் திருப்பித் திருப்பிக் குழப்பியவர்களும் உண்டு. 1980-களில் அதற்கும் முடிவு கட்டி, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்றார்கள். இப்போது கறுப்பு கட்டாயம், மறுபக்கத்துக்கு நீலம், பச்சை, இளஞ்சிவப்பு, ஊதாவும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்கும் முன் வீரர்கள் ஒருவர் மட்டையை ஒருவர் வாங்கிப் புரட்டிப் பார்ப்பது, எந்த நிறத்தில் எந்தக் குமிழ் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.