துருவப் பாலை: அதில் 'வனம்' எதுக்கு?

"மாமா, அண்டார்டிகாவில் இவ்வளவு ஐஸ் கிடக்கு, இதைப் போய்த் 'துருவப் பாலைவனம்'னு போட்டிருக்கு?" என்று அக்கா மகள் புத்தகத்தோடு வந்து நின்றாள். நாகர்கோவில்காரிக்கு இந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், நமக்குப் பாலைவனம் என்றால் மணலும் ஒட்டகமும்தான்.

கணக்கு வேறு. வருஷத்துக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழையோ பனியோ விழுந்து, ஆக வெப்பமான மாதத்திலும் சராசரி 10 டிகிரியைத் தொடாத நிலம்தான் துருவப் பாலைவனம். தென் துருவத்தில் ஒரு வருஷம் விழும் பனியை உருக்கினால் 100 மி.மீ. தண்ணீர்கூடத் தேறாது, நம்ம ஊரில் ஐப்பசியில் ஒரே ராத்திரி கொட்டிவிட்டுப் போகிற அளவு. குளிர்ந்த காற்றில் ஈரம் தங்காது, அண்டார்டிகாவின் வஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலையில் பதிவான குளிர் மைனஸ் 89.2 டிகிரி. அப்படியானால் அந்த ஐஸ்? விழுந்த கொஞ்சமும் உருகாமல் லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தது. வரவு சொற்பம், உருகிப் போகும் செலவு அநேகமாக இல்லை.

அங்கேயே மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் என்று ஓர் இடம், பெரும்பகுதியில் ஐஸும் கிடையாது, வெறும் கல்லும் சரளையும். மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும் (ஆரல்வாய்மொழிக் காற்றெல்லாம் இதன் முன் விசிறிதான்). வழி தவறி உள்ளே வந்து செத்த சீல்கள் அழுகாமல் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகக் காய்ந்து கிடக்கின்றன. குளச்சலில் கருவாடு போட உப்பும் வெயிலும் வேண்டும், அங்கே குளிரும் காற்றுமே போதும்.

சரி, சொல்லுக்கு வருவோம். துருவம் வடமொழி 'த்ருவ', அசையாதது என்று பொருள், துருவ நட்சத்திரமும் அதனால்தான். தமிழில் முனை என்கிறோம், வடமுனை, தென்முனை. நல்ல சொல்தான், ஆனால் எங்கள் பக்கம் 'தென்முனைப் பாலை' என்று சொன்னால் குமரிமுனைக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். துருவம் பழகிய சொல், இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது 'வனம்'. வனம் என்றால் காடு, அண்டார்டிகாவில் ஒரு மரம்கூடக் கிடையாது. பாலை மட்டுமே போதும். முல்லையும் குறிஞ்சியும் 'நல்லியல்பு இழந்து' பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அதில் காரணம் வெயில், இங்கே குளிர். ஆனால் மணல் என்ற பேச்சே அதில் இல்லை, நிலம் தன் இயல்பை இழப்பதுதான் பாலை. 'பனிப்பாலை' என்றும் சிலர் எழுதுகிறார்கள், கேட்க அழகு, உலர் பள்ளத்தாக்குக்குத்தான் பொருந்தாது. அதுபோக நமக்குப் பனி என்றால் மார்கழியில் புல்லில் நிற்பது.

இன்னொன்றும் உண்டு. 1912இல் தென் துருவம் தொட்டுத் திரும்பும் வழியில் இறந்த பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழுவினர், கடைசிவரை சுமார் 16 கிலோ கற்களை விடாமல் இழுத்து வந்திருந்தார்கள். அதில் குளோசோப்டெரிஸ் என்ற மரத்தின் இலைத் தடம் இருந்தது. இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளிலும் கிடைக்கும் அதே இலை, இந்தியாவும் அண்டார்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டிக் கிடந்த காலத்தது. ஆக, அது ஒரு காலத்தில் நிஜமாகவே வனம், பிறகுதான் திரிந்து பாலையானது.

இவ்வளவையும் கேட்டவள், பரீட்சையில் எதை எழுத என்று கேட்டாள். புத்தகத்தில் உள்ளதையே எழுதிவிடு மக்களே என்றேன்.