கோ ஆறு: பனி வெட்டிய பள்ளத்தாக்கில் ஒரு சிற்றாறு

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில், கிளென்கோ பள்ளத்தாக்கின் இருபுறமும் மலைகள் ஆயிரம் மீட்டரை ஒட்டி எழுந்து நிற்கின்றன. நடுவில் ஓடும் கோ ஆற்றின் மேற்பகுதியையோ, மழையில்லாத நாளில் கற்களின் மேல் கால் வைத்தே கடந்துவிடலாம். இத்தனை பெரிய பள்ளத்தை இந்தச் சிற்றாறு வெட்டியிருக்க முடியாது.

வெட்டியது பனி. கிழக்கே ரானக் மேட்டுநிலத்தில் குவிந்த பனி மேற்கு நோக்கி வழிந்து, சுமார் 42 கோடி ஆண்டுப் பழைமையான எரிமலைப் பாறைகளைத் தேய்த்தும் பெயர்த்தும் நகர்ந்தது. ஆறு தன் படுகையையும் கரைகளையும் மட்டுமே அரிக்கும். பனியாறோ பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு நகர்வதால் அடியையும் சுவர்களையும் ஒருசேர அரிக்கும். வளைந்து போகத் தெரியாத அது, குறுக்கே நீட்டியிருந்த மலைமூக்குகளை வெட்டிச் சாய்த்தது. ‘மூன்று சகோதரிகள்’ எனப்படும் செங்குத்து முகப்புகள் அப்படி உருவானவையே. கடைசிப் பனி ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் உருகி மறைந்தது.

கிளைப் பள்ளத்தாக்குகளில் இருந்த பனி மெல்லியது. எனவே அவை ஆழமாகத் தோண்டப்படாமல் உயரத்திலேயே தங்கிவிட்டன. கோரி கேல் அவற்றுள் ஒன்று. அதன் வாயைப் பாறைச்சரிவு ஒன்று வீடளவு பாறைகளால் அடைத்துவிட, பின்னால் சரளை நிரம்பிச் சமதளமாயிற்று. மேலிருந்து வரும் ஓடை, வறண்ட காலத்தில் அந்தச் சரளைக்குள் புகுந்து காணாமற்போய், கீழே பாறை இடுக்குகளிலிருந்து மீண்டும் வெளிப்பட்டுக் கோ ஆற்றில் சேர்கிறது. இப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த மக்டோனல்ட் குலத்தார் கால்நடைகளை ஒளித்துவைத்த இடமும் இதுதான் என்பார்கள். அடைபட்ட வாயைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

செங்குத்தான மேற்பகுதியில் குதித்து இறங்கும் ஆறு, பனி தட்டையாக்கிய தரையை அடைந்ததும் வேகம் இழக்கிறது. வேகம் குறையக் குறைய முதலில் கற்களும் பிறகு சரளையும் மணலும் படிகின்றன. ஆற்றின் வழியில் உள்ள ஆழமற்ற அக்ட்ரியோக்டன் ஏரியில் நுண்வண்டலும் தங்கிவிடுவதால், ஏரி சிறிது சிறிதாகத் தூர்ந்துவருகிறது. சரிவுகளிலிருந்து மழைவெள்ளம் கொண்டுவரும் கல்லும் மண்ணும் விசிறிபோல் பரவி, ஆற்றை அவ்வப்போது எதிர்ப்பக்கம் ஒதுக்கித் தள்ளுகின்றன. மண்போர்வை மெல்லியதாக இருப்பதால் மழைநீர் ஊறி நிற்பதில்லை. வெள்ளம் விரைவில் ஏறி, விரைவில் வடிந்துவிடும்.

ஆறு சென்றடையும் லாக் லீவன் என்னும் நீர்நிலையும் பனி தோண்டிய பள்ளமே. அதில் கடல் புகுந்துவிட்டதால், மலையிலிருந்து வந்த சரளையின் மேல் நாள்தோறும் உப்புநீர் ஏறி இறங்குகிறது.