வீடியோ காலில் வரும் அப்பாவும் பிள்ளையின் பேச்சும்

குமரி மாவட்டத்தில் அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கும் வீடுகள் நிறைய. கைப்பிள்ளைக்கு அவர் குரல் போன் வழியாகத்தான் பழக்கம். "பச்சப்பிள்ளைகிட்ட போனக் காட்டாத" என்று அம்மச்சி (பாட்டி) சத்தம் போடுவார். அவர் சொல்வது பாதி சரி.

முதலில், பிள்ளை பேச்சொலிகளை எப்படிப் பழகுகிறது என்று பார்ப்போம். 1984-இல் கனடாவில் உளவியலாளர்கள் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் 'த', 'ட' ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். 6–8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டையும் பிரித்தறிந்தார்கள். 10–12 மாதத்தில் மிகச் சிலரால்தான் முடிந்தது. காதில் விழாத வேறுபாட்டை மூளை கைவிட்டுவிடுகிறது. நம் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை, பத்து, பட்டு என்று நாள் முழுக்கக் கேட்கிறதே!

அப்படியானால் டிவியை ஓடவிட்டால் போதாதா? பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்களை வீடியோவில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்குப் பிடிபடவே இல்லை.

வீடியோ பதில் பேசாது, அதுதான் விஷயம். அதே 2003-இல் மைக்கேல் கோல்ட்ஸ்டீன் குழுவின் இன்னொரு சோதனை: 8 மாதப் பிள்ளை சத்தம் எழுப்பியதும் அம்மா சிரித்துத் தொட்டால், சில நிமிடங்களிலேயே மழலை தெளிவாகிறது. அதே சிரிப்பும் தொடுதலும் சம்பந்தமில்லாத நேரத்தில் வந்தால் பலனில்லை.

இப்போது அப்பாவிடம் வருவோம். 2014-இல் அமெரிக்காவில் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு வீடியோ காலில் புதுச் சொற்கள் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். நேரில் கற்றது போலவே கற்றார்கள். பதிவு செய்த வீடியோவில் அது நடக்கவில்லை. ஆக, தடை போட வேண்டியது கார்ட்டூனுக்கு, அப்பாவுக்கு அல்ல. ஆனால் அவரும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டே போகக்கூடாது. "என்ன மக்களே?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை 'தா' என்றோ 'ஊ' என்றோ சொல்லும்வரை பொறுக்க வேண்டும். நெட் இழுத்தால் இன்னும் கொஞ்சம். அம்மா பக்கத்தில் இருந்து, அப்பா காட்டும் பொம்மையைப் பிள்ளைக்குச் சுட்டிக்காட்டினால் ரொம்ப நல்லது.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். அதனால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 10 மாதமாகியும் 'பாபா', 'தாதா' என்று மழலை வராவிட்டால், "ரெண்டு பாஷை கேக்குற பிள்ளை, மெதுவாப் பேசும்" என்று விட்டுவிடாமல் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும்.