கதை குடுத்தல்

‘பொதுப் போக்குவரத்தில் சாத்தியமான தேதிகளுடன் உரையாடலைத் தாக்குவது எப்படி?’ கைபேசியில் இந்த மாதிரித் தமிழ் வந்து விழுகிற காலம் இது. ஆங்கிலத்து ‘date’ (பழக விரும்புகிற ஆள்) தேதியாகிவிட்டது, ‘strike up’ (தொடங்குதல்) தாக்குதலாகிவிட்டது. தேதியையும் தாக்குதலையும் இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிடலாம். (எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் தேதிக்குத் திகதி என்போம். பிழை விடுவதென்றாலும் எங்கட சொல்லில் விடலாமே.) எனக்குக் கோபம் அதைத் திருத்துகிற மனிதர்களில்தான். ‘உரையாடலைத் துவக்குதல்’ என்று மாற்றிப்போட்டு, வேலை முடிந்ததென்று எழும்பிப் போய்விடுகிறார்கள்.

பஸ்ஸிலோ கோச்சியிலோ (ரயிலுக்கு எங்கள் பெயர்) மனதுக்குப் பிடித்த ஆளிடம் முதன்முதலாக வாய் திறப்பதற்கு யாழ்ப்பாணத்தில் சொல் இருக்கிறது: கதை குடுத்தல். எழுத்தில் ‘கொடுத்தல்’ என்றும் போடலாம். கதை வடசொல். ‘கதா’ என்பதற்கு வடமொழியிலேயே உரையாடல் என்ற பொருளும் உண்டு. தமிழகத்தில் அது பெரும்பாலும் புனைவுக்கு ஒதுங்கிவிட, எங்களிடம் ‘கதைத்தல்’ அன்றாட வினையாக நின்றுவிட்டது. வேர் அவ்வளவுதான்.

உரையாடலுக்கு வருவோம். உரையும் ஆடலும் சேர்ந்த சொல்; ஆட இரண்டு பேர் வேண்டும். அதை ஒருவர் தனியே துவக்க முடியாது. ‘குடுத்தல்’ அப்படியல்ல. ஒருவர் குடுக்கிறார், மற்றவர் வாங்கலாம், வாங்காமலும் விடலாம். காலையில் பருத்தித்துறை பஸ்ஸில் சனம் நெரிபடும்போது, இருக்கிற பெடியன் நிற்கிற பெட்டையைப் பார்த்து, “பாக்கைத் தாங்கோ, வைச்சிருக்கிறன்” என்பான் (பாக் என்றால் பை). அவள் பாக்கைக் குடுத்துவிட்டு, காதில் வயரைச் செருகி யன்னல் பக்கம் திரும்பிவிட்டால் கதை வாங்கப்படவில்லை. பாக் மட்டும் மடியில் இருக்கும். அங்கே உரையாடல் எதுவும் துவங்கவில்லை, ஆனால் கதை குடுத்தது குடுத்ததுதான். இந்த நுணுக்கத்தைத் தொலைத்துவிட்டு என்ன மொழிபெயர்ப்பு?

அப்ப ‘பேச்சுக் கொடுத்தல்’ போடலாமே என்பார்கள். தமிழகத்தில் நல்ல சொல், குறை சொல்ல மாட்டேன். இங்கே பேச்சு வேறு சாமான். ‘அம்மா பேசுவா’ என்றால் ஏச்சு விழும் என்று அர்த்தம். ‘பேச்சுக்கால்’ என்றால் கலியாணம் பேசுவது, அதாவது பெரியாக்கள் சாதகக் குறிப்போடு உட்கார்ந்துவிட்டார்கள் என்று பொருள். பஸ்ஸில் ஒரு பெட்டையோடு இரண்டு வசனம் கதைத்த பெடியன் ‘பேச்சுக் கொடுத்தான்’ என்று எழுதினால், வீட்டில் எந்தப் பேச்சு நடக்கும் என்று யாருக்குத் தெரியும்!

தனித்தமிழ் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கதையைத் துரத்திவிட்டு ‘உரைதொடுத்தல்’ என்று ஏதாவது ஆக்கித் தருவீர்கள், தெரியும். வடசொல்லையும் செய்யுளுக்கு உரிய சொற்களில் ஒன்றாகத் தொல்காப்பியமே வைத்திருக்கிறது. மறைவான காதலைச் சொல்லும் அதன் களவியலில் தலைவன் ஊரும் பேரும் கெடுதியும் கேட்டு வருகிற இடம் இருக்கிறதல்லவா? கெடுதி என்றால் தொலைந்த பொருள். ‘நான் எய்த யானை இந்தப் பக்கம் வந்ததோ?’ என்பான், யானையே இருந்திராது; கதை குடுக்க ஒரு சாட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போகிற யாழ்தேவி ரயிலில் ஏறிப் பாருங்கள். அனுராதபுரமும் தாண்டிய பிறகு ஒருவர், “கொழும்புக்கோ போறியள்?” என்பார். அதே யானைதான். இத்தனை பழைய வேலைக்கு இப்போது புதுச்சொல் செய்யப் புறப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிலர் இதையே ‘சுழட்டல்’ என்று எழுதுகிறார்கள். அது பிழை. சுழட்டலுக்கு நாள்பட்ட முயற்சி வேண்டும்: அவள் ஏறுகிற பஸ்ஸிலேயே ஏறுவது, ரியூசன் விடுகிற நேரத்துக்குச் சைக்கிளோடு ஒழுங்கை முகப்பில் நிற்பது. கதை குடுப்பது ஒரு தடவையில் முடிந்துவிடும். வாங்காத ஆளிடம் திரும்பத் திரும்பக் குடுத்தால் பெயரும் மாறிவிடும். அதற்கும் எங்கள் செய்திக்காரர் கைவசம் ஒரு பூச்சு வைத்திருக்கிறார்கள்: ‘பஸ்ஸில் பெண்ணிடம் சேட்டை.’ வடமொழிச் ‘சேஷ்டை’ வெறும் அசைவு, செய்கை. தமிழில் அது குழந்தைக் குறும்புக்கும் போகும். 1995இல் திருத்திய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றம் என்கிறது. சட்டம் குற்றம் என்பதைச் செய்தி குறும்பாக்குகிறது. கதை குடுத்தல் ‘கொச்சை’ என்று சிவப்புக் கோடு போடுகிற அதே மேசையில் இந்தச் சேட்டை மட்டும் கேள்வியில்லாமல் அச்சுக்குப் போகிறது.

சரி, அந்தத் தலைப்பை எப்படி எழுதலாம்? ‘பஸ்ஸில் பிடித்த ஆளோடு கதை குடுப்பது எப்படி?’ ‘சாத்தியமான தேதி’ தானாகவே கழன்றுவிட்டது, பாருங்கள்.