"காது பழகிடுச்சு"ன்னு சொல்ற டிஜேக்களுக்கு

இந்த மாசத்துல மட்டும் இது மூணாவது கேஸ், அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் இங்கிலாந்துல ஆடியோலஜிஸ்ட், அதாவது காது கேக்கற திறனைச் சோதிக்கறவ வேலை. வந்தவர் 46 வயசு டிஜே, ஹவுஸ்ங்கற டான்ஸ் மியூசிக் போடறவர், 25 வருஷமா கிளப், சம்மர்ல கிளப்புக்குப் பேர்போன ஸ்பெயின் தீவு ஐபிசா, சொந்தமா ட்ராக்கும் பண்றவர். காது கேக்கலைன்னு வரல. அவர் முடிச்சு அனுப்புன ட்ராக்கை கேட்ட மாஸ்டரிங் இன்ஜினியர் (வெளியிடறதுக்கு முன்னாடி சத்தத்தை கடைசியா சரிபண்றவர்) "ஹை-ஹாட் ஏன் இப்படி காதைக் கிழிக்குது"ன்னு கேட்டிருக்கார் (ஹை-ஹாட்னா ட்ரம்ஸ்ல வர்ற ஜால்ரா மாதிரி சத்தம்), இவருக்கோ அதை இன்னும் கொஞ்சம் ஏத்தணும்னு தோணியிருக்கு.

ஆடியோகிராம் எடுத்தேன், எந்த ஃப்ரீக்வென்ஸியில எவ்வளவு கேக்குதுன்னு கோடா காட்டற சோதனை. 4 கிலோஹெர்ட்ஸ்கிட்ட, அதாவது கீச்சுன்னு கேக்கற மேல் பக்கத்து சத்தத்துக்கு, வந்ததும் கோடு பள்ளத்துல விழுது, ஹெட்போன் வைக்கிற இடது காதுல இன்னும் ஆழமா. ஹவுஸ் கேக்கறவங்களுக்குத் தெரியும், "டும் டும்"னு விழற கிக் ரெண்டுக்கு நடுவுல 909ங்கற ட்ரம் மெஷினோட ஹை-ஹாட் "ட்ஸ் ட்ஸ்"னு விழுமே, அதுதான் ஆளை ஆட வைக்கும். முதல்ல போறது அந்த மேல் பக்கத்து சத்தம்தான்.

கேட்டா எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான்: "ஆரம்பத்துல கிளப் முடிஞ்சா காதுல ஙொய்ய்னு கேக்கும், இப்ப கேக்கறதில்ல, பழகிடுச்சு." பழகலைங்க! தோல் தடிச்சுப் போற மாதிரி காது தடிச்சுப் போகாது. மறுநாள் காலையில சரியாயிடுச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க, ஆனா உள்ள செத்துப்போன செல் திரும்ப முளைக்கிறதே இல்ல, இருக்கற மிச்சத்தை வச்சு சமாளிக்குது, அவ்வளவுதான். முன்னாடி உறுத்துன சத்தம் இப்ப உறுத்தலைன்னா பாதி நேரம் காரணம் அது உங்களுக்கு முழுசா கேக்கறதில்லங்கறதுதான். அதனால பூத் மானிட்டரை (டிஜே நிக்கற இடத்துல அவருக்காக வைக்கற ஸ்பீக்கர்) ஏத்துறீங்க, அடுத்த வருஷம் இன்னும் ஏத்துறீங்க, அதுக்குப் பேரு பழக்கமா?

கணக்கு பாருங்க. 85 டெசிபெல்ல 8 மணி நேரம் இருந்தா காதுக்கான ஒரு நாள் அளவு முடிஞ்சுது. 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100ல வெறும் 15 நிமிஷம். ரெண்டு மணி நேர செட்டுன்னா எட்டு நாள் அளவை ஒரே ராத்திரியில வாங்கறீங்க. டிஜே வேலை அஞ்சு வருஷத்துல முடியறதும் இல்ல. 1987 கடைசியில டிஜே டேனி ராம்ப்ளிங் லண்டன்ல ஒரு ஜிம்முல ஷூம்ங்கற கிளப்பை ஆரம்பிச்ச காலத்து ஆளுங்க இன்னும் வாசிக்கிறாங்க, டிஜே கார்ல் காக்ஸ் 2001லேர்ந்து 2016 வரைக்கும் ஐபிசாவுல ஸ்பேஸ்ங்கற ஒரு கிளப்புல மட்டுமே சீசன் சீசனா வாசிச்சார். அத்தனை வருஷத்துக்கும் உங்ககிட்ட இருக்கறது ரெண்டே ரெண்டு காது.

பிளக் போட்டா மியூசிக் செத்துடும்னு சொல்லாதீங்க. மஞ்சள் ஃபோம் பிளக் அப்படித்தான் பண்ணும், நான் சொல்றது அது இல்ல. காதுக்கு அச்சு எடுத்து செய்யற ஃபில்டர் பிளக், 15 டெசிபெல் எல்லா ஃப்ரீக்வென்ஸியிலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைக்கும். 100 உங்களுக்கு 85 ஆயிடும், பேலன்ஸ் கெடாது. டிஷ்யூவைச் சுருட்டி வச்சுக்கறது எதுக்கும் உதவாது, தயவுசெஞ்சு நிறுத்துங்க.

மானிட்டரை மிக்ஸ் பண்ற நேரம் மட்டும் ஏத்துங்க, அப்புறம் இறக்கிடுங்க. ஹெட்போனை காது மாத்தி மாத்தி வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஆடியோகிராம். பிரிட்டன்ல வேலையிடத்து சத்தச் சட்டம் 2008 ஏப்ரல்லேர்ந்து மியூசிக் துறைக்கும் செல்லும், ஃப்ரீலான்ஸ் டிஜேவும் அதுல சேர்த்திதான், அதனால புக் பண்ணும்போதே பூத்ல எத்தனை டெசிபெல்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க.

டின்னிடஸ், அதாவது காதுல நிக்காம கேக்கற அந்த ஙொய்ய் சத்தம், வந்துட்டா ஒளிச்சு வைக்காதீங்க. ரேடியோ டிஜே எடி டெம்பிள்-மோரிஸ் தன்னோட டின்னிடஸ் பத்தி வெளிப்படையா பேசி, பிரிட்டிஷ் டின்னிடஸ் அசோசியேஷனுக்கு தூதராவும் இருந்தார். என்கிட்ட வர்றவங்க புக்கிங் போயிடுமோன்னு பயந்து வருஷக்கணக்கா மறைக்கிறாங்க, தூக்கம் போயி ஆளே உடைஞ்ச பிறகுதான் கதவைத் தட்டுறாங்க, அதைப் பாக்க எனக்குத் தாங்கல.

அந்த 46 வயசுக்காரருக்கு அன்னிக்கே ரெண்டு காதுக்கும் அச்சு எடுத்துட்டேன். போனது வராதுன்னும் சொன்னேன். ரொம்ப நேரம் அந்த ஆடியோகிராம் கோட்டையே பாத்துட்டு இருந்தார். இன்னொண்ணு, ஒரு காது மட்டும் திடீர்னு கேக்காம போனா விடிஞ்சதும் சரியாயிடும்னு படுத்துடாதீங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க.