மீன் பித்து சர்க்கரைக்கு மருந்தல்ல, சிறுநீரகத்துக்கு நஞ்சு

கட்லா, ரோகு போன்ற மீன்களின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கிவிட்டு, இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர் நின்றுபோய் மருத்துவமனைக்கு வருபவர்களைப் பார்ப்பது சிறுநீரக மருத்துவர்களுக்குப் புதிதல்ல. அணைகளும் ஏரிகளும் நிறைந்த பகுதிகளில் பணியாற்றும் எவரிடம் கேட்டாலும் இப்படி ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். ஆனால் மருத்துவர்களுக்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒரு செய்தி, மீனை வாங்கி, கழுவி, சமைக்கும் வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அண்மையில் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்த ஒருவரின் குடும்பத்தினர், "நல்லதுன்னு நெனச்சுத்தானே டாக்டர் குடுத்தோம்" என்று கேட்டபோது, இனியும் இதை நோயாளியின் படுக்கையருகே மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருபவர். அணையில் பிடித்த பெரிய கட்லா ஒன்றை வாங்கி வந்த மருமகன், மீனை அறுக்கும்போதே பித்தப்பையை உடையாமல் தனியாக எடுத்து, "மாமா, இத அப்படியே முழுங்கிடுங்க, சுகர் பட்டுன்னு எறங்கிடும்" என்று கொடுத்திருக்கிறார். கரும்பச்சை நிறத்தில், கட்டைவிரல் நுனி அளவுக்கு இருக்கும் அந்தப் பையைக் கடித்தால் கசப்புத் தாங்காது என்பதால், வாழைப்பழத் துண்டுக்குள் வைத்து விழுங்க வைத்திருக்கிறார்கள். அன்றிரவே வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. மறுநாள் அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் எங்களிடம் வந்தபோது, படுக்கையோரம் தொங்கிய சிறுநீர்ப் பையில் அளவுக்கோட்டின் முதல் கோட்டைக்கூடத் தொடாத அளவில், தேநீர் நிறத்தில் கொஞ்சம் சிறுநீர் இருந்தது. பித்தப்பையைப் பற்றி அதுவரை எந்த மருத்துவரிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்காவது முறையாக, "நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்ட பிறகுதான் அவருடைய மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இந்தப் பழக்கத்துக்கு வேராக இருக்கும் எண்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கசப்பு உள்ளே போனால் சர்க்கரை குறையும் என்பதே அந்த எண்ணம். நாக்கில் இனிப்பும் கசப்பும் எதிரெதிராக இருப்பதால் இரத்தத்திலும் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று நம் ஊரில் படித்தவர்களும் நம்புகிறார்கள். நாக்கு உணரும் சுவைக்கும் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸின் அளவுக்கும் அப்படி ஒரு கணக்கே கிடையாது. சர்க்கரை நோயாளியின் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுவது அவர் இனிப்பு தின்பதால் மட்டுமன்று. கசப்பான பாகற்காய்க் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிடும் சோறும் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. அதைக் கட்டுக்குள் வைப்பது இன்சுலின். அந்த இன்சுலினுக்கு நாம் விழுங்கியது கசந்ததா, இனித்ததா என்பது தெரியாது. கசக்கும் பொருள்களில் சில மருந்தாகலாம், சில வெறும் உணவாகலாம், சில கொடிய நஞ்சாகவும் இருக்கலாம். அரளி விதையும் கசக்கத்தான் செய்யும். அதைச் சர்க்கரைக்கு மருந்தென்று யாரும் கொடுப்பதில்லை. அப்படியிருக்க, மீன் பித்தை மட்டும் மருந்தென்று நம்புவது ஏன்?

ஏனென்றால், அதை விழுங்கிய சிலருக்குச் சர்க்கரை உண்மையிலேயே இறங்குகிறது. இந்தப் பழக்கம் ஊருக்கு ஊர் பரவுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். எங்களிடம் வந்தவரின் மருமகனும் வீட்டுக் கருவியில் பார்த்த அளவைக் காட்டி, "சுகர் நல்லா கொறஞ்சிருக்கு சார்" என்றார். ஆம், குறைந்திருந்தது, ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. இரண்டு நாட்களாக வாந்தியெடுத்துக்கொண்டு எதுவும் சாப்பிடாமல் கிடந்த ஒருவர், வழக்கமான மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். உடலிலிருந்து இன்சுலினை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றையும் அதுவே வெளியேற்றுகிறது. சிறுநீரகம் செயலிழந்தால் இவை உடலிலேயே தங்கித் தொடர்ந்து வேலை செய்கின்றன. சர்க்கரை குறையும்போது குளுக்கோஸை உருவாக்கிக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய கல்லீரலோ அதே பித்தினால் அடிபட்டிருக்கிறது. ஆகவே அந்தக் கருவி காட்டிய எண், நோய் குணமானதன் அடையாளமன்று. சிறுநீரகமும் கல்லீரலும் பழுதானதன் அடையாளம். பித்தை விழுங்கியவருக்குச் சர்க்கரை குறைந்ததாக யாராவது உங்களிடம் சொன்னால், அவருடைய கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனையில் காட்டும் பொருள்) அளவு என்ன என்று கேளுங்கள்.

கட்லா, ரோகு முதலான கெண்டைக் குடும்ப மீன்களின் பித்தநீரில் சிப்ரினால் சல்ஃபேட் என்ற பொருள் இருக்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உள்ள செல்களையும் கல்லீரல் செல்களையும் சிதைப்பது அதுதான். வேகவைத்தால் போய்விடும் என்று எண்ண வேண்டாம். வெப்பத்தால் அது அழிவதில்லை. சாராயத்தில் கலந்து குடித்தாலும், தேனில் குழைத்துக் கொடுத்தாலும் நஞ்சு நஞ்சாகவே இருக்கும். மீன் பெரிதாக இருந்தால் பித்தப்பையும் பெரிதாக இருக்கும், உள்ளே போகும் அளவும் கூடும். "பெரிய மீனோட பித்துதான் நல்லா கேக்கும்" என்ற நம்பிக்கை அதனால்தான் மேலும் ஆபத்தானது.

இது நம் ஊர் அறியாமை மட்டும் என்று தலைகுனியத் தேவையில்லை. சீனா, தைவான், வியட்நாம் ஆகிய நாடுகளிலும் கண்பார்வைக்கும் மூட்டுவலிக்கும் உடல்வலுவுக்கும் என்று புல்கெண்டையின் பித்தை விழுங்கி இதே கதிக்கு ஆளானவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து, பென்சில்வேனியா மாநிலங்களில் 1991-லும் 1994-லும் கெண்டையின் பித்தப்பையைப் பச்சையாக உண்டு கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழ் 1995-இல் எச்சரித்தது.

படித்தவர்கள் சிலர் என்னிடம் வேறொரு வாதத்தை வைக்கிறார்கள். பித்தத்திலிருந்து எடுத்த அர்சோடியாக்சிகோலிக் அமிலத்தை மருத்துவர்களே கல்லீரல் நோய்க்கு மாத்திரையாக எழுதிக் கொடுக்கிறீர்களே, அப்படியானால் பித்து மருந்துதானே என்கிறார்கள். அந்த மாத்திரையில் இருப்பது தூய்மைப்படுத்தப்பட்ட ஒரே ஒரு வேதிப்பொருள்; அதன் அளவு மில்லிகிராம் கணக்கில் வரையறுக்கப்பட்டது; பல்லாண்டுக் காலம் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது. கட்லாவின் பித்தப்பையில் இருப்பது அந்தப் பொருளே அன்று. பித்தம் என்ற பெயர் பொதுவாக இருப்பதால் எல்லா உயிர்களின் பித்தநீரும் ஒன்றாகிவிடாது.

நோயின் போக்கைக் கவனமாகப் படியுங்கள். விழுங்கிய சில மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை தொடங்கும். ஓரிரு நாளில் அவை தணிந்து, நோயாளிக்கே உடம்பு தேவலை என்று தோன்றும். ஏமாற வைக்கும் இடைவெளி இதுதான். இந்த நேரத்தில்தான் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன, சிலருக்குக் கண் மஞ்சளாகிறது, சிறுநீர் குறைந்துகொண்டே வருகிறது. முதல் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சரியாக இருந்தது என்பதை வைத்து நிம்மதியடையக் கூடாது. சிறுநீரகம் அடிபட்ட பிறகு கிரியாட்டினின் ஏறிவரச் சற்றுக் காலம் பிடிக்கும். பித்தை விழுங்கியது உறுதியென்றால், அறிகுறிகள் தணிந்தாலும் குறைந்தது மூன்று நாட்களுக்காவது பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு சொல். ஆற்றிலும் ஏரியிலும் இறங்கி மீன் பிடிப்பவர் மஞ்சள் காமாலையோடும் சிறுநீரகச் செயலிழப்போடும் வந்தால் நம் மனம் உடனே எலிக் காய்ச்சலை நோக்கித்தான் போகும், அது சரியும்கூட. ஆனால் காய்ச்சலே இல்லாமல், வாந்தியில் தொடங்கிய நோயாக இருந்தால், மீன் பித்தைப் பற்றி நேரடியாகவே கேளுங்கள். "மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அவர்கள் அதை மருந்துக்கடை மருந்தோடு சேர்த்து எண்ணுவதில்லை. அதோடு, கொடுத்தவர் பெரும்பாலும் நெருங்கிய உறவினராக இருப்பார். அவரைக் காட்டிக்கொடுப்பதுபோல் ஆகிவிடுமே என்று நோயாளி வாய்திறக்க மாட்டார். யாரையும் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்டால் உண்மை வெளியே வரும்.

யாராவது விழுங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவ முயலக் கூடாது. வயிற்றுவலிக்கென்று கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது, அவற்றில் பல தாமே சிறுநீரகத்தைப் பாதிப்பவை. 108-ஐ அழைத்தோ வேறு வண்டி பிடித்தோ டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், எந்த மீன், எவ்வளவு பெரியது, எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதைச் சொல்லுங்கள். நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பெட்டியோடு கொண்டு போங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவது. சிறுநீரகம் நின்றுபோன நிலையில் அது தேங்கினால் இரத்தத்தில் அமிலம் கூடும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. உடலின் நீரளவைச் சரியாகப் பேணி, பொட்டாசியம் ஏறாமல் பார்த்து, தேவையானால் டயாலிசிஸ் செய்து, சிறுநீரகம் தானாகத் தேறும்வரை நோயாளியைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. உரிய காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சிறுநீர் திரும்புகிறது. தாமதித்து வந்தவர்களில் இறந்தவர்களும் உண்டு. ஏற்கெனவே சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்திருந்தவருக்கு அது பழைய நிலைக்கே திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இந்தப் பித்தைத் தேடி விழுங்குபவர்களில் பலர் அந்தச் சர்க்கரை நோயாளிகள்தாம் என்பதே எனக்குப் பெரிய வேதனை.

மீன் சாப்பிடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆற்று மீனும் அணை மீனும் நல்ல உணவு. கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, சாதாக்கெண்டை ஆகிய எல்லாம் கெண்டைக் குடும்பம். இவற்றின் சதையில் இந்த நஞ்சு இல்லை, பித்தநீரில்தான் இருக்கிறது. நீலகிரியில் அவலாஞ்சி போன்ற இடங்களில் கிடைக்கும் டிரவுட் மீனைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பித்தநீர் வேறு வகை. ஆனாலும் அதன் பித்தை விழுங்குவதால் எந்த நன்மையும் இல்லை, எனவே அதையும் எறிந்துவிடுங்கள்.

மீனைச் சுத்தம் செய்யும்போது, வயிற்றைக் கழிவுத் துளையிலிருந்து தலையை நோக்கி, கத்தி ஆழமாக இறங்காதபடி கீறுங்கள். பித்தப்பை வயிற்றின் முன்பக்கத்தில் கல்லீரலை ஒட்டியிருக்கும். கெண்டை மீன்களில் கல்லீரல் குடலோடு பின்னிக் கிடப்பதால், அவசரமாகப் பிடுங்கினால் பை கிழிந்துவிடும். குடலையும் கல்லீரலையும் சேர்த்து மெதுவாக இழுத்து எடுத்து, பையை உடையாமல் தனியே பிரித்துக் குப்பையில் போடுங்கள். சினையையும் குடலையும் வறுத்துச் சாப்பிடும் வீடுகளில் இதை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். பை உடைந்து சதையில் பச்சை நிறம் பட்டுவிட்டால், அந்த இடத்தை வெட்டியெறிந்துவிட்டு மீதியை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும். முழு மீனையும் வீச வேண்டியதில்லை, பயப்படவும் வேண்டாம்.

கிழக்குக் கடற்கரையோரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில், உள்ளூர்ச் சந்தைகளில் அணை மீனையும் ஏரி மீனையும் தேடி வாங்குவோர் கூடுவார்கள். மீன் வெட்டிக் கொடுக்கும் அண்ணன்மார்களையும் அக்காமார்களையும் மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: "பித்த மட்டும் தனியா எடுத்துக் குடுங்க" என்று எவ்வளவு நெருங்கிய வாடிக்கையாளர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவர் கண்முன்னாலேயே அதைக் கழிவு வாளியில் போட்டு, இதைச் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மருத்துவர் சொல்வதை நம்பாதவர்கள்கூட, தினமும் மீனோடு பழகும் உங்கள் சொல்லைக் கேட்பார்கள்.